கோழி மேய்த்தவர்களும் கூடிய சங்கங்களும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. அரச உத்தியோகத்தின் மீது எம்மவருக்கிருந்த மோகத்தைக் கேலி செய்வதற்கு இதைக் கையில் எடுக்காத கட்டுரையாளர்கள் எம்மிடையே குறைவு. ஆனால் பழமொழியின் முற்பாதியை எவரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு மனிதன் இறங்கக்கூடிய ஆகக் கடைசித் தொழில் கோழி மேய்ப்பது என்ற முடிவு அதற்குள் ஏற்கனவே இருக்கிறது. ஊரில் கோழி பெண்களின் பொறுப்பு. பழைய கடகத்துக்குள் சாம்பல் பரப்பி அடை வைப்பதும், இருபத்தொரு நாள் எண்ணிக் காத்திருப்பதும், கீரியிடமும் பருந்திடமும் தப்பிய குஞ்சுகளை வளர்த்தெடுப்பதும் அம்மாக்களின், ஆச்சிமாரின் வேலை. முட்டைக்காசு அடுக்களைக்குள் புழங்கும் காசு. அது "பொருளாதாரம்" என்ற கணக்கில் சேர்வதில்லை. நான் ஊரில் பொருளியல் படிப்பித்த காலத்துப் பாடத்திட்டத்தில் தேயிலைக்கு ஓர் அத்தியாயம் இருந்தது, நெல்லுக்கு இருந்தது, கருவாட்டுக்குக்கூட இரண்டு பக்கம் இருந்தது. கோழிக்கு இருக்கவில்லை.

இப்போது நான் ஒன்ராறியோவில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் கையால் கடந்து போகும் இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் இதைப் பொருளாக்கினார்கள் என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. வட அமெரிக்காவின் கோழி வளர்ப்பு வரலாறு பெருமளவுக்கு அகதிகளின் வரலாறாகவும், அதைவிடச் சங்கங்களின் வரலாறாகவும் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம், அகதிகளின் உதவிச் சங்கம், கம்பனிகளும் பண்ணையாளரும் ஒன்றாக அமரும் தொழில்துறைச் சங்கம், சட்டத்தால் அதிகாரம் பெற்ற சந்தைப்படுத்தற் சபை என நான்கு வகையான அமைப்புகளை நான்கு பிரதேசங்களில் அது உருவாக்கியது. எது யாரைக் காப்பாற்றியது, யாரைக் கைவிட்டது என்பதை விளங்கிக்கொள்வது, தடக்கி விழுந்தால் ஒரு சங்கத்தின் மேல் விழ வேண்டிய நிலையிலுள்ள எமது புகலிடச் சமூகத்துக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

1. பெற்றலூமா: உலகின் முட்டைக்கூடை

கோழி பெருந்தொழிலாக மாறுவதற்கு இரண்டு முடிச்சுகள் அவிழ வேண்டியிருந்தன. முதலாவது, அடை. பேட்டுக்கோழி அடை கிடக்கும் காலத்தில் முட்டையிடாது. ஒரு பேடு ஒரு தடவையில் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் அடைகாக்கவும் முடியாது. பண்டைய எகிப்தியர் மண் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். ஆனால் வெப்பத்தை உடலால் உணர்ந்து சீர்செய்யும் அந்தக் கலை சில குடும்பங்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. கலிபோர்ணியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள பெற்றலூமாவில், கனடாவில் பிறந்தவரான லைமன் பைஸ், ஐசக் டயஸ் என்ற பல்வைத்தியருடன் சேர்ந்து 1879 இல் வெப்பத்தைத் தானாகச் சீராக வைத்திருக்கும் பொரிப்புப் பெட்டியை உருவாக்கினார். இதன் பின்னர் குஞ்சு பொரிப்பது தனித்தொழிலாகப் பிரிந்தது. பொரித்த குஞ்சு தன் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவின் மிச்சத்தில் இரண்டு மூன்று நாள் உயிர் வாழும் என்பதால், 1918 இலிருந்து அமெரிக்கத் தபால் சேவை ஒருநாட் குஞ்சுகளைப் பெட்டியிலிட்டு நாடெங்கும் கொண்டுசென்றது.

இரண்டாவது முடிச்சு, வெயில். குளிர்காலத்தில் கொட்டிலுக்குள் அடைத்த குஞ்சுகள் கால் வளைந்து செத்தன. சூரிய ஒளியால் கிடைக்கும் உயிர்ச்சத்து "டி" இல்லாமையே காரணம் என்பதும், தீனியில் மீனெண்ணெய் கலந்தால் போதும் என்பதும் 1920களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. அன்றிலிருந்து கோழிக்கு முற்றமும் தேவையில்லை, பருவமும் தேவையில்லை.

பெற்றலூமா வெள்ளை லெக்கோண் கோழிகளால் செழித்தது. ஆற்று வழியே முட்டைகள் படகில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போயின. "உலகின் முட்டைக்கூடை" என்று அந்நகர் தன்னைத்தானே விளம்பரம் செய்தது. தனித்தனியாக வியாபாரியிடம் விற்றால் விலையை வியாபாரியே தீர்மானிப்பான் என்பதைக் கண்ட வளர்ப்பாளர்கள், மத்திய கலிபோர்ணியக் கோழி வளர்ப்பாளர் கூட்டுறவை 1910களின் பிற்பகுதியில் அமைத்தார்கள். முட்டையைச் சேகரித்து, தரம் பிரித்து, மொத்தமாக விற்று, தீனியை மொத்தமாக வாங்கி உறுப்பினருக்குக் கொடுப்பது அதன் வேலை.

எமக்குச் சுவாரசியமான விடயம் அங்கே குடியேறிய யூதர்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்து, நகரத்துத் தையற் பட்டறைகளில் முதுகொடிந்து, "முதலாளி இல்லாத வாழ்க்கை" தேடிக் கோழி வளர்க்க வந்தவர்கள் இவர்கள். சோசலிசவாதிகள், கம்யூனிஸ்டுகள், சியோனிசவாதிகள் எனப் பலவகையினர். பகலில் கோழி எச்சம் வழித்தவர்கள் இரவில் இட்டிஷ் மொழியில் இலக்கியமும் புரட்சியும் விவாதித்தார்கள். விவாதங்கள் வார்த்தைகளோடு முடிந்த காலமல்ல அது. 1935 ஓகஸ்டில், அப்பிள் பறிக்கும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவளித்த குற்றத்துக்காகப் பெற்றலூமாவின் யூதக் கோழிப்பண்ணையாளர் ஒருவரையும் இன்னொருவரையும் ஒரு கும்பல் சாந்தா ரோசா நகருக்கு இழுத்துச் சென்று உடம்பில் தார் பூசி இறகு ஒட்டி ஊர்வலம் விட்டது. மக்கார்த்தி காலத்தில், 1950களில், அச்சமூகமே தன் இடதுசாரிகளைத் தன் சொந்தச் சமூக மண்டபத்திலிருந்து வெளியேற்றியது. வெளியே இருந்து வந்த கும்பலை எதிர்த்து நின்ற சமூகம் உள்ளுக்குள் உடைந்து போனது. எமக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

2. தென் நியூ ஜேர்சி: அகதிகளின் கோழிகள்

நியூ ஜேர்சி மாநிலத்தின் தெற்கே, வைன்லாண்ட் நகரைச் சுற்றியுள்ள மணற்தரை, யூத விவசாயக் குடியேற்றத்தின் மிகப் பழைய நிலம். ரஷ்யாவில் 1881 இல் தொடங்கிய யூத எதிர்ப்பு வன்செயல்களிலிருந்து தப்பியோடியவர்கள் 1882 இல் இங்கே "அலையன்ஸ்" என்ற குடியேற்றத்தை நிறுவினார்கள். 1900 இல் நிறுவப்பட்ட யூத விவசாயச் சங்கம், பாரன் டி ஹிர்ஷ் என்ற செல்வந்தரின் நிதியத்தின் பணத்தில், வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தவர்களுக்கு நிலம் வாங்கக் கடன் கொடுத்தது, விவசாய ஆலோசகர்களை அனுப்பியது. 1908 இலிருந்து இட்டிஷ் மொழியில் ஒரு விவசாயச் சஞ்சிகையையும் நடத்தியது. கோழிக்கு வரும் நோய்களைத் தாய்மொழியில் வாசித்தறிந்த அகதிகள் அவர்கள். எமது சஞ்சிகைகளில் கவிதைக்கும் தத்துவத்துக்கும் உள்ள இடத்தில் கால்வாசியாவது நாம் செய்யும் வேலைகளுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம்.

இப்பிரதேசத்தின் முக்கிய காலகட்டம் ஹிட்லருக்குப் பின்னர் வருகிறது. 1930களின் இறுதியில் செருமன் மொழி பேசும் யூதர்கள் வந்தார்கள். 1945 இன் பின்னர், விசேடமாக 1948 ஆம் ஆண்டின் இடம்பெயர்ந்தோர் சட்டத்தின் பின்னர், வதைமுகாம்களிலிருந்தும் காடுகளிலிருந்தும் உயிர் தப்பிய கிழக்கு ஐரோப்பியர் வந்தார்கள். பல நூறு குடும்பங்கள். போலந்தின் நகரங்களிலும் சிறு பட்டினங்களிலும் தையற்காரராகவும் வியாபாரிகளாகவும் இருந்தவர்கள். பெரும்பாலோர் அதற்கு முன் ஒரு கோழியையும் வளர்த்தவர்களல்ல.

ஏன் கோழி? காரணங்கள் மிக நடைமுறையானவை. ஐந்து பத்து ஏக்கர் நிலம் போதும். ஆங்கிலம் தேவையில்லை, கோழிக்கு எந்த மொழியும் ஒன்றுதான். சில மாதங்களில் தொழிலைப் பழகலாம். நெல்லோ சோளமோ போல ஒரு போகம் காத்திருக்கத் தேவையில்லை, முட்டை கிழமைக்குக் கிழமை காசு தரும். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து செய்தால் கூலி கொடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டளை இடுபவன் எவனும் அருகில் இல்லை. முகாம்களில் இருந்து வந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணத்தின் பாரம் எவ்வளவு என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இரவில் கோழிக் கொட்டிலின் அமைதியில் எவற்றை நினைத்துக் கிடந்தார்கள் என்பதை ஊகிப்பதற்கு எமக்கு உரிமையில்லை.

வந்து சேர்ந்த இடத்தில் ஏற்கனவே யூதர்கள் இருந்தார்கள். ஆனால் பழையவர்கள் புதியவர்களைப் "பச்சைகள்" என்றார்கள். அனுபவமில்லாதவர்கள் என்பது அதன் பொருள். செருமன் பேசுபவர்களுக்கு ஏற்கனவே தமக்கெனக் கழகம் இருந்தது. அவர்கள் இட்டிஷ் பேசுபவர்களைச் சற்றுக் கீழாகவே பார்த்தார்கள். ஆகவே உயிர் தப்பி வந்தவர்கள் 1950களின் தொடக்கத்தில் தென் ஜேர்சி யூதக் கோழிப்பண்ணையாளர் சங்கம் என்று தமது சொந்த அமைப்பை உருவாக்கினார்கள். 1956 இலும் 1983 இலும் 1990களிலும் ஒரே விமான நிலையத்தில் வந்திறங்கி ஒருவரை ஒருவர் "எந்த வருடத்து ஆள்" என்று அளந்து பார்க்கும் எமக்கு இந்தப் பிரிவுகள் புதியவையல்ல.

இச்சங்கம் செய்த வேலைகளின் தன்மையைப் பாருங்கள். நோயால் கோழிகள் செத்தவனுக்கும், தீனி வாங்கக் காசில்லாதவனுக்கும் சிறு கடன். தொழில் பற்றிய கூட்டங்கள். இட்டிஷ் நாடகங்கள், நடன இரவுகள். கொல்லப்பட்டோருக்கான வருடாந்த நினைவுகூரல். தீனிக் கடனுக்கும் துக்கத்துக்கும் ஒரே சங்கம். சீவியத்துக்கான சங்கமும் நினைவுக்கான சங்கமும் அங்கே பிரிந்திருக்கவில்லை. வைன்லாண்டில் கூட்டுறவு முட்டை ஏலச் சந்தையும் இயங்கியது. வாங்குபவர்கள் பகிரங்கமாகப் போட்டியிட்டு விலை கூற வேண்டியிருந்ததால் இடைத்தரகரின் பிடி ஓரளவு தளர்ந்தது.

கொரிய யுத்தகாலத்தில் முட்டை விலை உயர்ந்தது. பலர் துணிந்து புதிய கொட்டில்கள் கட்டினார்கள். 1954 இல் விலை சரிந்தது. விலை சரியும்போது சிறு உற்பத்தியாளன் என்ன செய்வான்? கடன் தவணையைக் கட்டுவதற்காக இன்னும் கூடுதலான கோழிகளை வைப்பான். எல்லோரும் அப்படியே செய்வார்கள். விலை மேலும் சரியும். விவசாயப் பொருளியலில் நாம் படிப்பித்த இந்தச் சுழலை அவர்கள் உடம்பால் அனுபவித்தார்கள். தீனிக் கடைக்காரர்களின் கடன் கழுத்தை நெரித்தது. 1960களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான குடும்பங்கள் கோழியைக் கைவிட்டு நகரங்களுக்கும் வேறு தொழில்களுக்கும் போய்விட்டன. பிள்ளைகள் படித்து உத்தியோகத்தர்களானார்கள்.

ஒற்றுமைக் குறைவால் இச்சங்கம் தோற்றதாகக் கொள்ள முடியாது. கடன், கலாசாரம், நினைவு என்று ஒரு சங்கத்தால் முடிந்த அனைத்தையும் அது செய்தது. ஆனால் விலையைத் தீர்மானிக்கும் இடத்தில் அதற்குக் கை எட்டவில்லை. விலை அங்கிருந்து தெற்கே, வேறொரு வகையான பண்ணையில் தீர்மானிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

3. டெல்மார்வா: கோழி கம்பனியுடையது, கடன் விவசாயியுடையது

டெலாவெயர், மேரிலாண்ட், வேர்ஜீனியா ஆகிய மூன்று மாநிலங்களின் பெயர்களை ஒட்டிச் செய்த பெயர் டெல்மார்வா. அத்திலாந்திக் கரையிலுள்ள இந்தக் குடாநாட்டில், ஓஷன் வியூ என்ற ஊரில், 1923 இல் செசில் ஸ்ரீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்பினார். குஞ்சு விற்பவர் 500 ஐ அனுப்பிவிட்டார். அவர் திருப்பி அனுப்பவில்லை. தப்பிய 387 ஐ ஏறக்குறைய இரண்டு இறாத்தல் நிறையில் இறைச்சிக்காக விற்றார். இறாத்தல் 62 சதம். அதுவரை கோழி இறைச்சி என்பது முட்டை உற்பத்தியின் எச்சம், அதாவது வேண்டாத சேவலும் கிழட்டுப் பேடும். இறைச்சிக்காகவே வளர்க்கும் கோழி இங்கிருந்துதான் பெருகியது. மூன்றே வருடத்தில் அவரிடம் 10,000 கோழிகளுக்குக் கொட்டில் இருந்தது. அயலவர்கள் பின்பற்றினார்கள். அவர்களது முக்கிய சந்தை நியூயோர்க். அங்கே சமய விதிப்படி அறுப்பதற்காகக் கோழியை உயிரோடு வாங்கிய யூதர்களின் தேவை அச்சந்தையின் பெரும்பகுதி.

இரண்டாம் உலக யுத்தத்தில் டெல்மார்வாவின் கோழியை இராணுவம் எடுத்துக்கொண்டது. பொதுச் சந்தையில் ஏற்பட்ட இடைவெளியை ஜோர்ஜியா, ஆர்க்கன்சா போன்ற தென்மாநிலங்கள் நிரப்பின. பருத்தி விலை வீழ்ந்து நிலமும் மனிதரும் களைத்துப் போயிருந்த ஜோர்ஜியாவின் கெயின்ஸ்வில் பகுதியில், ஜெசி ஜுவெல் என்ற தீனி வியாபாரி 1930களிலேயே ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தார். குஞ்சையும் தீனியையும் விவசாயிக்குக் கடனாகக் கொடுப்பது, வளர்ந்ததும் தானே எடுத்து விற்பது. 1950களின் நடுப்பகுதிக்குள் பொரிப்பகம், தீனி ஆலை, கொல்களம் எல்லாம் ஒரே கம்பனியின் கீழ் வந்தன. பொருளியலில் இதை "செங்குத்து ஒருங்கிணைப்பு" என்கிறோம். பருத்திக் குத்தகையின் பழைய கடன் உறவு கோழியின் இறகைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது என்று சொன்னால் இன்னும் விளங்கும்.

இந்த ஏற்பாட்டின் நுணுக்கம் எதுவெனில், சொத்தும் ஆபத்தும் பிரிக்கப்பட்ட விதம். குஞ்சு கம்பனியுடையது, தீனி கம்பனியுடையது, மருந்தும் அதனுடையது, வளர்ந்த கோழியும் அதனுடையது. கொட்டில் விவசாயியுடையது. கொட்டில் கட்டிய வங்கிக் கடன், எச்சம், செத்த கோழி ஆகியனவும் விவசாயியுடையவை. கூலியும் நிலையானதல்ல. ஒரே கிழமையில் கோழி கொடுத்த விவசாயிகளை வரிசைப்படுத்தி, குறைந்த தீனியில் கூடிய நிறை காட்டியவருக்கு அதிகமும், கீழே நிற்பவருக்குக் குறைவும் கொடுப்பது வழக்கம். இதற்குப் "போட்டி முறை" என்று பெயர். குஞ்சின் தரமும் தீனியின் தரமும் விவசாயியின் கையில் இல்லை. ஆனாலும் அயலவன் தோற்றால்தான் தனக்கு வருமானம். சங்கம் சேர வேண்டியவர்களை ஒருவருக்கொருவர் எதிரியாக்குவதற்கு இதைவிடச் சிறந்த பொறியை எவரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. இன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 25,000 குடும்பங்கள் இவ்வாறு ஒப்பந்தத்தில் இறைச்சிக்கோழி வளர்க்கின்றன.

விஞ்ஞானமும் இத்திசையிலேயே ஓடியது. ஏ அன்ட் பி என்ற அங்காடி நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய "நாளைய கோழி" என்ற போட்டியின் முதலாவது தேசிய இறுதிச் சுற்று 1948 இல் டெலாவெயரின் ஜோர்ஜ்ரவுணில் நடந்தது. கலிபோர்ணியாவின் சார்ள்ஸ் வன்ரெஸ் கலப்பினம் செய்த அகன்ற நெஞ்சுக் கோழி வென்றது. 1925 இல் 112 நாளில் 2.5 இறாத்தல் நிறை வந்த கோழி, இன்று 47 நாளில் 6 இறாத்தலைத் தாண்டுகிறது. அன்று ஒரு இறாத்தல் நிறைக்கு 4.7 இறாத்தல் தீனி தேவைப்பட்டது. இன்று இரண்டுக்கும் குறைவு. இந்த இலாபம் எங்கே போனது? ஒரு பகுதி மலிவான இறைச்சியாக நுகர்வோருக்கு வந்தது, அதை மறுக்க முடியாது. விவசாயிக்கும் தொழிலாளிக்கும் அந்த அளவில் வரவில்லை.

டெல்மார்வாவின் பிரதேசச் சங்கம் 1957 இல் உருவானது. 2020 இல் டெல்மார்வா கோழிச் சங்கம் என்று பெயர் மாறியது. கம்பனிகள், ஒப்பந்த வளர்ப்பாளர்கள், தீனியும் கருவியும் விற்பவர்கள், கடன் கொடுப்பவர்கள் எல்லோரும் இதற்குள் ஒன்றாக இருக்கிறார்கள். அது வருடாவருடம் நடத்திய கோழித் திருவிழா புகழ் பெற்றது. பத்து அடி விட்டமுள்ள ஒரு பொரிக்கும் தாச்சியைச் சுற்றி 2014 வரை சனம் கூடியது. நோய்த்தடுப்பு, ஆராய்ச்சி, மரம் நடுகை, சட்டசபையில் வாதாடுவது என்று சங்கம் பல பயனுள்ள வேலைகளைச் செய்கிறது. ஆனால் கூலி யார் நிர்ணயிப்பது, கடன் யார் தோளில் என்ற கேள்விகளை அந்த மேசையில் வைக்க முடியாது. ஏனெனில் கேள்வி கேட்கவேண்டியவனும் பதில் சொல்லவேண்டியவனும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "எல்லோருடைய சங்கம்" என்பதன் பொருள் இதுதான். பெரியவர்களோ தமக்குள் கூடுவதற்குத் தாச்சியோ திருவிழாவோ தேவைப்படுவதில்லை. 2021 இல் பில்கிரிம்ஸ் பிரைட் என்ற பெருங்கம்பனி, கோழி விலையில் போட்டியைக் கட்டுப்படுத்தச் சதி செய்ததாக அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டொலருக்கு மேல் தண்டம் கட்டச் சம்மதித்தது.

4. கனடா: கோறணமேந்தில் மேய்த்த கோழி

1960களில் கனடாவிலும் இதே சரிவு ஏற்பட்டது. உற்பத்தி மிஞ்சியது, விலை விழுந்தது, மாகாணங்கள் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. கியூபெக் தன் முட்டைச் சந்தையை வெளி மாகாணங்களிடமிருந்து பாதுகாத்தது. ஒன்ராறியோ கியூபெக்கின் கோழியைத் தடுத்தது. "கோழி முட்டை யுத்தம்" என்று பத்திரிகைகள் எழுதின. பாதிக்கப்பட்ட மனிற்றோபா விசித்திரமான ஒரு வழியைக் கையாண்டது. கியூபெக்கின் முறையைப் போன்ற ஒரு சட்டத்தைத் தானே வரைந்து, இது செல்லுமா என்று தன் நீதிமன்றத்தைக் கேட்டது. செல்லாது என்ற பதிலே அதற்குத் தேவைப்பட்டது. 1971 இல் உச்ச நீதிமன்றம், மாகாணங்களுக்கிடையிலான வர்த்தகத்தை மாகாணம் கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. 1972 இல் மத்திய பாராளுமன்றம் பண்ணைப் பொருள் சந்தைப்படுத்தற் சட்டத்தை நிறைவேற்றியது. அதே வருடம் முட்டைக்கும், 1974 இல் வான்கோழிக்கும், 1978 இல் கோழிக்கும் தேசிய முகாமைகள் ஏற்பட்டன.

இம்முறைக்கு மூன்று கால்கள். நாட்டின் தேவைக்கு ஏற்ப உற்பத்தியைக் கோட்டாவாகப் பங்கிடுவது முதலாவது. உற்பத்திச் செலவை வைத்து விலை நிர்ணயிப்பது இரண்டாவது. உயர்ந்த தீர்வையால் இறக்குமதியை மட்டுப்படுத்துவது மூன்றாவது. தனி விவசாயி கொல்களத்தோடு பேரம் பேசத் தேவையில்லை. அவனுக்காக மாகாணச் சபை பேசுகிறது, அதன் பின்னால் சட்டம் நிற்கிறது. தென் ஜேர்சி அகதிகளின் சங்கத்துக்குக் கை எட்டாத இடம் எதுவோ, அந்த இடத்திலேயே இங்கு சங்கம் உட்கார்ந்தது. தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. 1974 இல் களஞ்சியத்தில் 2 கோடி 80 இலட்சம் முட்டைகள் அழுகியது பெரிய ஊழலாகப் பேசப்பட்டது. ஆயினும் முறை நிலைத்தது. கனடாவில் இன்று ஏறத்தாழ 2,800 கோழிப் பண்ணையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தென்மாநிலத்து ஒப்பந்தக்காரர்களைப் போலத் தம் கோழியைக் கம்பனிக்குத் தாரை வார்த்தவர்களல்ல. வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் இம்முறையை மேலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற சட்டமும் 2025 யூனில் நிறைவேறியது.

விலை யார் கொடுக்கிறார்கள்? நுகர்வோர் கொடுக்கிறார்கள், அதிலும் ஏழைகள் தம் வருமானத்தில் கூடிய பங்கைக் கொடுக்கிறார்கள். இரண்டாவது, கோட்டா. ஆரம்பத்தில் இருந்தவர்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது. பிற்காலத்தில் அதுவே சொத்தாகியது. இன்று புதிதாகக் கோழிப்பண்ணை தொடங்க விரும்புபவருக்குக் கோட்டாவும் கொட்டிலும் சேர்ந்து மில்லியன் டொலர் கணக்கில் வரும். 1950 இல் வெறுங்கையோடு நியூ ஜேர்சிக்கு வந்த அகதியால் ஐந்து ஏக்கரும் சில நூறு கோழிகளும் வாங்க முடிந்தது. இன்று ரொறன்ரோவில் வந்திறங்கும் அகதி கோழித் தொழிலுக்குள் நுழைய ஒரே வாசல்தான் இருக்கிறது, அது தொழிற்சாலையின் பின்வாசல். உள்ளே இருப்பவரைப் பாதுகாக்கும் வேலி வெளியே நிற்பவரைத் தடுக்கும் வேலியாகவும் இருக்கிறது.

5. சங்கம் சேர யாருக்கு உரிமை?

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டும். கோழி வளர்ப்பவர் கூடி விலை பேசுவதற்குச் சட்டம் கட்டாயமாக வழி செய்துள்ள இதே ஒன்ராறியோவில், பண்ணையில் கூலிக்கு வேலை செய்பவர் கூடிக் கூலி பேசுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மாகாணத்தின் தொழில் உறவுச் சட்டத்திலிருந்து விவசாயத் தொழிலாளர் 1943 இலிருந்து விலக்கப்பட்டார்கள். 1994 இல் புதிய சனநாயகக் கட்சி அரசு அவ்வுரிமையை வழங்கியது. அடுத்த வருடமே பழமைவாத அரசு அதைப் பறித்தது. சங்கம் அமைக்க முயன்றவர்களில் குஞ்சு பொரிப்பகத் தொழிலாளரும் இருந்தனர். 2001 இல் உச்ச நீதிமன்றம் இவ்விலக்கல் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. மாகாணம் 2002 இல் வேறொரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி பண்ணைத் தொழிலாளர் ஒன்றுகூடலாம், முறையிடலாம், முதலாளி காது கொடுத்துக் கேட்க வேண்டும். கூட்டொப்பந்தத்துக்கோ வேலைநிறுத்தத்துக்கோ அச்சட்டத்தில் வழியில்லை. 2011 இல் அதே உச்ச நீதிமன்றம் இச்சட்டம் போதுமானது என்று ஏற்றுக்கொண்டது. காது கொடுத்துக் கேட்கும் கடமை எவ்வளவு பெறுமதியானது என்பதை மனுக் கொடுத்தே வாழ்ந்த சமூகமாகிய எமக்கு விளக்கத் தேவையில்லை.

எம்மைப் போலத் தொழிற்சாலைக்குள் வெட்டுபவர்கள் விவசாயத் தொழிலாளராகக் கணிக்கப்படுவதில்லை, எமக்குத் தொழிற்சங்க உரிமை உண்டு. தொழிற்சங்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை வட கரோலினாவின் ஹம்லெற் நகரம் காட்டியது. 1991 செப்ரெம்பர் 3 அன்று அங்கே ஒரு கோழி பதனிடும் ஆலையில் தீப்பிடித்தது. கோழித் துண்டு களவு போகக்கூடாதென்று கதவுகள் வெளிப்புறமாகப் பூட்டப்பட்டிருந்தன. 25 பேர் இறந்தார்கள்.

நான் வேலை செய்யுமிடத்தில் நிரந்தரமானவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. ஏஜென்சி வானில் விடிய நாலு மணிக்கு ஏற்றி இறக்கப்படுபவர்களுக்கு இல்லை. ஒரே லைனில், ஒரே கத்தியோடு, ஒரே குளிரில் நிற்கும் இரு பகுதியினர். அவர்களில் தமிழர் இருக்கிறார்கள், ஏற்றி இறக்குபவர்களிலும் தமிழர் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் இருவரும் ஒரே ஊர்ச்சங்கத்தின் ஒன்றுகூடலில் அருகருகே அமர்ந்து ஆட்டிறைச்சிக் கறி சாப்பிடுகிறார்கள். அந்த மேடையில் பாடசாலைக் கட்டடத்துக்கு நிதி சேர்ப்பது பற்றிப் பேசலாம். மணித்தியாலத்துக்கு எவ்வளவு பிடித்துக்கொண்டு கொடுக்கிறாய் என்று கேட்க முடியாது. இது டெல்மார்வாவின் தாச்சியைச் சுற்றிய கூட்டம்தான்.

ஊர்ச்சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் கலைத்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. செத்தவீட்டுக்கு ஓடி வருபவர்கள் அவர்கள்தான். பிறந்த மண்ணை அடிப்படையாகக் கொண்ட சங்கம் நினைவைக் காக்கும். ஆனால் சீவியத்தைக் காப்பதற்கு, செய்யும் வேலையை அடிப்படையாகக் கொண்ட சங்கமும் வேண்டும். வைன்லாண்டின் அகதிகள் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாதிருந்தது சட்டத்தின் பலம். கனேடிய விவசாயிகள் அதைப் பெற்றார்கள். பெற்றவர்கள் பின்னால் வந்தவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். எமது அடுத்த அமைப்பு இந்த மூன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொழிற்சங்க அங்கத்துவம் உள்ள எம்மவர்கள் முதற்படியாக ஏஜென்சித் தொழிலாளரின் சேர்ப்பைக் கூட்ட நிகழ்ச்சிநிரலில் வைக்கலாம். அதற்குத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் தேவை, பஞ்சாபியிலும் சோமாலியிலும் தேவை. எழுதத் தெரிந்தவர்கள் இச்சஞ்சிகையின் வாசகர்களில் நிறையப்பேர் இருக்கிறார்கள்.

"படித்தவர்களாகிய நாம் தற்காலிகமாகத்தான் இங்கே நிற்கிறோம், இவற்றுக்குள் ஏன் இறங்க வேண்டும்" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அவர் இந்தத் தற்காலிகத்தில் பதினேழு வருடங்களாக நிற்கிறார். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும்.